கறண்ட் மிஸ்ஸும் அட்டவணையில் இல்லாத திருக்கையும்

அட்டவணையில் பெயர் குறிப்பிடப்படாத கடலுயிர் எதனையும் பிடிப்பதற்கு எவரும் எவரிடமும் அனுமதி கோர வேண்டியதில்லை. விதி இவ்வளவுதான். அதை எழுதியவர் நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, உலகத்தின்மேல் கோபம் இல்லாத ஒரு வேளையில் எழுதியிருக்க வேண்டும். கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் ஒரு ஆயுட்காலம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு தாராளமான விதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அனுமதி தேவைப்படுகிற காரியத்தை அனுமதி இல்லாமல் செய்கிறவர்களைத் திருகோணமலையில் தடுக்கி விழுகிற இடமெல்லாம் காணலாம். அனுமதியே தேவைப்படாத காரியத்துக்கு அனுமதி கேட்டு, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த மனிதப் பிறவி ஒன்றே ஒன்றுதான். அது கறண்ட் மிஸ்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரும் அதற்கு முன்னால் ஒரு கலாநிதிப் பட்டமும் இருந்தன. இரண்டையும் ஊர் பாவிக்கவில்லை. மருந்தியல் ஆராய்ச்சியாளர், ஐம்பதைத் தாண்டியவர். நரை ஓடிய ஒற்றைப் பின்னல், முழங்கை வரை ஏறும் கறுப்பு றப்பர் கையுறை, தோளில் ஐஸ் போட்டுத் தொங்கும் றெஜிபோம் பெட்டி. இந்தக் கோலத்தில் காலையில் துறைமுக வீதியால் போவார். பேருந்துக்கே எழும்பாமல் வீதியில் படுத்திருக்கும் எங்கள் ஊர் மான்கள் அவருக்கு எழும்பி வழி விடும். மரியாதையா, பயமா என்று மான்களைக் கேட்டால்தான் தெரியும்.

அவரோடு கதைப்பது தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலோடு கதைப்பதைப் போன்றது. "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ மிஸ்?" என்று கேட்டால் சிரிப்பார். பிறகு கடலைப் பார்ப்பார். என் மனைவி தேத்தண்ணி ஊற்றி, அதை நான் குடித்து, கோப்பையும் கழுவிக் கவிழ்த்த பிறகு, "ஓம், சீனி குறைவா" என்று பதில் வரும். பதில் வராமல் போனதே இல்லை. கச்சேரியில் இருந்த எனக்கு அதுவே பெரிய விடயம்.

சூசை முதலாளியின் பழைய ஐஸ் தொழிற்சாலையில் ஒரு குளிர் அறை சும்மா கிடந்தது. அதை அவர் மிஸ்ஸுக்கு விட்டிருந்தார். அறைக் கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வெளியே வரும். மத்தியான வெயிலில் மான்கள் அந்தப் புகைக்குள் கால் புதைய நின்று, கண்ணை மூடிக்கொண்டு சுவரை நக்கும். புகைக்கு நடுவில் கையுறையோடு மிஸ் வருவார். முதன்முறை பார்த்தபோது, நான் செத்துப்போய் வேறெங்கோ வந்துவிட்டேன், அங்கேயும் ஏதோ படிவம் நிரப்பச் சொல்லப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவருடைய வாழ்க்கை முழுவதும் ஒரு நொதியத்தைச் சுற்றியது. கோலினெஸ்டரேஸ் என்று பெயர். தொழிற்சாலையின் பின்பக்கத்து இறங்குதுறைப் படியில் இருந்து அதை எனக்கு ஒருநாள் விளங்கப்படுத்தினார். துறைமுகத்துத் தண்ணீர் அன்று எண்ணெய் பூசிய கண்ணாடி போல அசையாமல் கிடந்தது.

"ஐயா, ஒரு நரம்பு பக்கத்து நரம்புக்குச் செய்தி அனுப்புது எண்டு வையுங்கோ. போய்ச் சேர்ந்த உடன அந்தச் செய்தியைக் கிழிச்சுப் போட ஒரு ஆள் நிக்கிறார். கிழிக்காட்டி அடுத்த செய்தி போக ஏலாது. அந்த ஆள்தான் என்ர நொதியம்."

"கெதியாக் கிழிப்பாரோ?"

"நீங்கள் கண் வெட்டி முடிய முதல் ஆயிரக்கணக்கில கிழிச்சிடுவார்."

"பிள்ளை, எங்கட கந்தோரில இந்த நொதியம் ஒருநாளும் இருந்ததில்லை."

மற்றவர்கள் என்றால் சிரித்திருப்பார்கள். மிஸ் ஆழமாக யோசித்தார். "அப்பிடியெண்டால் முழுக் கந்தோரும் இழுத்துப் பிடிச்சு, விறைச்சுப்போய் நிண்டிருக்குமே ஐயா."

"நிண்டதுதான் பிள்ளை."

முதுமையில் வரும் மறதி நோயில் செய்திகளே குறைந்துபோகின்றனவாம். கிழிக்கிறவரோ வழமைபோலக் கிழித்துக்கொண்டிருப்பார். அவருடைய கையைச் சற்றுப் பிடித்தால், இருக்கிற கொஞ்சச் செய்தியும் இன்னும் சிறிது நேரம் நிற்கும். எங்கள் களப்பு ஓரத்துக் கண்டல் இலையின் சாறு அந்தக் கையைப் பிடிக்குமா, பிடிக்காதா? மிஸ்ஸின் கேள்வி இதுதான். அவரை ஏற்றி இறக்கும் கிண்ணியா ஓட்டோக்காரர் ஒருநாள் விடவில்லை. "வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தும் இதத்தான் செய்யுமாம். ரெண்டும் ஒண்டுதானே மிஸ்?" என்றார். மிஸ் சந்தி தாண்டும்வரை யோசித்துவிட்டு, "ஓம். ஆனா அது கையை முறிக்கும். நான் கையைப் பிடிச்சுக்கொண்டு, கொஞ்சம் பொறுங்கோ எண்டு சொல்லப் பாக்கிறன்" என்றார்.

இதைச் சோதிக்கும் முறை இன்னும் விசித்திரம். சிறு கண்ணாடிக் குழாய்க்குள் நொதியம், அதற்குக் கிழிக்கக் கொடுக்கும் இரை, நிறம் காட்டும் திரவம் மூன்றையும் விடுவார். மஞ்சள் ஏறினால் நொதியம் வேலை செய்கிறது என்று பொருள். இலைச்சாறு விட்ட குழாயில் மஞ்சள் ஏறக்கூடாது. அதாவது ஒன்றும் நடக்கக்கூடாது என்று கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிற தொழில். இந்தத் திறமையோடு அவர் அரசாங்க சேவைக்கு வந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

கண்டல் இலைச்சாறு போத்தல் போத்தலாக அவரது குளிர் அறையில் இருந்தது. ஒரு வருட உழைப்பு. குளிர் விட்டால் எல்லாம் பாழ். நொதியம்தான் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒருமுறை எடுப்பித்தார். அதைச் சுங்கத்திலிருந்து விடுவிப்பதற்கான படிவத்தில், "பொருள் உயிருள்ளதா, உயிரற்றதா?" என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றில் அடையாளம் இட்டிருப்பேன். மிஸ் இரண்டையும் விட்டுவிட்டு, ஓரத்தில் நுணுக்கி எழுதினார்: "உயிரில்லை, ஆயினும் வேலை செய்யும்." அந்த வசனத்துக்கு யார் பொறுப்பு என்று தீர்மானித்து முடிவதற்குள் பொதியின் ஐஸ் உருகி, நொதியம் வெந்து, அவரிடம் வந்து சேர்ந்தபோது உண்மையாகவே உயிரற்றதாகியிருந்தது.

அதன் பிறகுதான் திருக்கை வந்தது.

நிலாவெளியில் கரைவலை இழுக்கும்போது சில நாட்களில் வலையின் மடிக்குள் ஒரு வட்டமான திருக்கை கிடக்கும். தொட்டால் தோள் வரை விறைக்கும். கறண்ட் திருக்கை என்பார்கள். யாரும் வாங்குவதில்லை, தடியால் தள்ளிக் கடலில் விடுவார்கள். அந்த மீன் கறண்ட் அடிக்கும் உறுப்பில் மிஸ்ஸின் நொதியம் வண்டி வண்டியாக இருக்கிறதாம். ஒரு மீன் கிடைத்தால் போதும், எல்லாப் போத்தலையும் சோதித்து முடிக்கலாம். வலையின் சொந்தக்காரர், எல்லோருக்கும் அண்ணன் முறையான சம்மாட்டி மஜீத் காக்காவிடம் போய்க் கேட்டார்.

"இதையா மிஸ்? இத நாய் கூட மணக்காது. எத்தின வேணும், சொல்லுங்க" என்றார் காக்கா. "கறண்ட் வெட்டு நேரம் எங்கட வாடிக் கொட்டிலுக்கும் ஒரு வயர் இழுத்து உட்டா போதும்."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அன்று மாலை மிஸ் என் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, மீன் பிடிக்க அனுமதி கேட்டுக் கடிதம் போட்டிட்டன். கடிதத்தில ஏதும் பிழை இருக்கோ எண்டு பாருங்கோ."

எனக்குத் தலை சுற்றியது. "போட்டாப் பிறகோ காட்டுறது? பிள்ளை, அந்த மீன் அட்டவணையிலேயே இல்லை. அனுமதி தேவையில்லை."

"தேவையில்லை எண்டு அவை எழுதித் தரட்டும்."

"தேவையில்லாததைக் கேட்டால் ஒருத்தரும் எழுதித் தர மாட்டினம். கேளாமல் செய்தால் குற்றமில்லை. கேட்டிட்டுப் பதில் வர முதல் செய்தால்தான் குற்றம். கடிதத்தைத் திருப்பி எடுங்கோ."

திருப்பி எடுப்பதற்கும் வழி இருந்தது. கடிதம் கிடைத்தது என்று அவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதல் வரவே இல்லை. கடிதம் போன அரசாங்கத் திணைக்களத்தின் பெயர் வேண்டாம். ஒரு திணைக்களத்தைப் பார்த்தவன் எல்லாத் திணைக்களத்தையும் பார்த்தவன்.

அன்று முதல் கரைவலை இழுக்கிற நாட்களில் மிஸ் கரையில் நிற்பார். மடியில் திருக்கை இருந்தால், கையுறைக் கைகளால் அதைத் தூக்கி, குழந்தையைக் கொண்டுபோவது போல இடுப்பளவு தண்ணீருக்குக் கொண்டுபோய், "இன்னும் வரேல்ல" என்று அதனிடம் சொல்லி விட்டுவிடுவார். விடிகாலைக் கடல் பால் நிறத்தில் இருக்கும். வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அதற்குள் அவர் பாதி கரைந்து நிற்பார். வலைக்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடியே சிரிப்பார்கள்.

"மிஸ், திருக்கைக்குப் பிரதி அனுப்பினீங்களோ?"

"அதுட்டயும் ஒரு கையெழுத்து வாங்கி வைங்க மிஸ், பிறகு மாட்டேன் எண்டு சொல்லிரும்!"

திணைக்களத்தில் இந்தக் கோப்புக்குப் பொறுப்பானவர் தவராசா. நிலாவெளிக்காரர், கோப்பைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காதவர். ஒருவழியாக அவரிடமிருந்து ஒரு கடிதத் துண்டு வந்தது. மீனின் பெயரை மும்மொழியிலும் தர வேண்டும். தவறினால் மீனை நேரில் சமர்ப்பிக்க வேண்டும். பெயர் ஊருக்கு ஒன்றாக இருந்ததால் மிஸ் மீனைச் சமர்ப்பிக்க முடிவெடுத்தார். கொண்டுபோவதற்கு அனுமதி உண்டா என்று அதற்கும் ஒரு கடிதம் எழுதத் தொடங்கியவரை, "அந்தத் துண்டே அன்றைய நாளுக்கான அனுமதி" என்று சொல்லி நான்தான் பேனையைப் பறித்தேன்.

வாளியில் கடல் தண்ணீர், அதற்குள் திருக்கை, ஓட்டோவில் நான், மிஸ். தவராசாவின் மேசைமேல் வாளி ஏறியது.

"தொடாதீங்கோ சேர்" என்றார் மிஸ்.

"நான் நிலாவெளியில பிறந்தனான். எனக்கு மீன் காட்டுறீங்களோ?"

"இது கறண்ட் அடிக்கும் சேர். தொடாதீங்கோ."

"எத்தினை திருக்கை அரிஞ்ச கை தெரியுமோ இது?" என்று சொல்லித் தவராசா விரலை விட்டார்.

கதிரை ஒரு பக்கம் போனது. தவராசா மறுபக்கம் போனார். அலுமாரிமேல் நெடுங்காலம் தவமிருந்த கோப்புகள் எல்லாம் ஒன்றாக இறங்கின. அந்தக் கந்தோரில் அத்தனை கோப்புகள் ஒரே நேரத்தில் அசைந்தது அதுதான் முதல் தடவை. மிஸ் மண்டியிட்டு, நல்ல பாட்டுக் கேட்கிறவரின் முகத்தோடு, தவராசாவின் கையைப் பிடித்தார்.

"எந்த விரல் சேர்? விறைப்பு முழங்கையோட நிக்குதோ, தோளுக்கும் வந்திட்டுதோ? இப்ப இறங்குதோ? ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"அம்மா... முதல்ல அந்த வாளியை எடுங்கோ அம்மா."

கை சரியானதும் அவர் கோப்பில் குறித்தார்: "மீன் பார்வையிடப்பட்டது. உயிருடன் உள்ளது." அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. கடமை நேரத்தில் உத்தியோகத்தர் ஒருவருக்கு விபத்து நேர்ந்தால் விசாரணை உண்டு. விசாரணைக்கு மூலக் கோப்பும் போக வேண்டும். கறண்ட் மிஸ்ஸின் விண்ணப்பம் ஒரு விபத்து அறிக்கையின் முதுகில் ஏறித் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. மிஸ் மீனை மறுபடி ஓட்டோவில் ஏற்றி, நிலாவெளிக்குக் கொண்டுபோய்க் கடலில் விட்டார். கைக்குள் வந்த மீனை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "அது காட்டுறதுக்கு வந்த மீன் ஐயா" என்றார்.

இதற்கிடையில் சூசை முதலாளிக்குக் குளிர் அறைக்கு வேறு ஆள் வந்தது. இறால் வியாபாரி. முதலாளி கெட்டவரல்ல, ஆனால் அவரும் எத்தனை நாளைக்கு?

"மிஸ், உங்கட கடிதம் வந்திட்டா அறை உங்கட. நான் கதைக்க மாட்டன். தைப்பொங்கல் வரைக்கும் பாக்கிறன். அண்டைக்கும் வரேல்லையெண்டா இறால்காரர் வண்டியோட வந்து நிப்பார். நான் சொல்லேல்ல எண்டு சொல்லாதீங்கோ."

போத்தல்களை வைக்க இந்தப் பக்கத்தில் வேறு குளிர் அறை இல்லை. அறை போனால் ஒரு வருட இலைச்சாறும் போய்விடும். கேள்வி அப்படியே பாதியில் நின்றுவிடும்.

வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டது. கரைவலையை ஏற்றி வைக்கும் காலம். கடைசி இழுவைக்கு நானும் போனேன். கடல் சாம்பல் நிறமாகி, ஏதோ நினைத்து மறந்ததைப் போலப் புரண்டுகொண்டிருந்தது. மழைத்தூறல் எது, அலைத்தூறல் எது என்று தெரியவில்லை. மடி கரையேறியபோது அதற்குள் ஒரு பெரிய கறண்ட் திருக்கை, அசையாமல் கிடந்தது.

"மௌத்தாகிட்டுது மிஸ்" என்றார் மஜீத் காக்கா. "வலைக்குள்ளயே மௌத்து. செத்த மீன எடுக்க ஆருட்டயும் கேக்கத் தேவல்ல."

"ஓம் மிஸ், நாங்களும் கண்டம்" என்றது கயிற்று வரிசை முழுவதும், ஒரே குரலில். இரண்டு வலைக்காரர் ஒரே விடயத்தை ஒரேமாதிரிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதைவிட, காக்காவின் வலது கை பிடுங்கிய வாழைத்தண்டு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

"கையில என்ன காக்கா?" என்று கேட்டார் மிஸ்.

"குளிர்."

மிஸ் மணலில் மண்டியிட்டார். கையுறையைக் கழற்றினார். அவருடைய வெறும் கையை நான் பார்த்தது அன்றுதான். சிறிய, வெளிறிய கை. அதைத் திருக்கையின் முதுகில் வைத்தார். பின்னல் ஒருமுறை துள்ளி விழுந்தது.

"இது சாகேல்ல காக்கா."

காக்காவின் குரல் இறங்கியது. "மிஸ், நீங்க கொஞ்சம் அங்கால திரும்பி நிண்டு கடலப் பாருங்க. நீங்க எப்பவும் பாக்குறதுதானே. திரும்பி வாறதுக்குள்ள இது மௌத்து. அல்லாஹ் மேல ஆணையா நாங்க ஒரு கதையும் கதைக்க மாட்டம்."

நானும் என் பங்குக்குச் சொன்னேன். "எடுங்கோ பிள்ளை. இந்த மீனை எடுத்தால் பொங்கலுக்கு முதல் எல்லாம் முடிஞ்சிடும். நான் விதி தெரிஞ்சுதான் சொல்லுறன்."

மிஸ் கடலைப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் கேட்டிட்டன் ஐயா. கேட்டாப் பிறகு, பதில் வர முதல் எனக்குப் பிடிச்ச பதிலை நானே எடுத்தால், நாளைக்குக் குழாய்க்குள்ள மஞ்சள் ஏறினாலும் ஏறேல்ல எண்டுதானே என்ர கண் சொல்லும்?"

கையுறையைப் போட்டுக்கொண்டு, திருக்கையை ஏந்தி, தண்ணீருக்குள் இறங்கினார். அலை அவரை இரண்டு முறை மூடி விட்டது. வலைக்காரர் ஒருவரும் பகிடி விடவில்லை. கரையில் மீன் வாங்க வந்து நின்றவர்களுக்குள் தவராசாவும் பையோடு நின்றிருந்தார். மீன் வாங்காமல், வெறும் பையோடு போனார்.

பொங்கலன்று காலை மழை விட்டு, துறைமுகத்தின்மேல் பனிப்புகார் கிடந்தது. கப்பல்கள் தண்ணீரில் நிற்காமல் காற்றில் நிற்பது போலிருந்தது. என் மனைவி தந்த பொங்கலைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஐஸ் தொழிற்சாலைக்குப் போனேன். வாசலில் இறால்காரரின் வண்டி நின்றது. உள்ளே மிஸ் போத்தல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. சூசை முதலாளி எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல், சரியாக இருந்த கதவுப் பூட்டைத் திருத்திக்கொண்டிருந்தார்.

சைக்கிள் மணி கேட்டது. பட்டு வேட்டியைத் தொடைவரை மடித்துக் கட்டி, நெற்றியில் திருநீறோடு தவராசா இறங்கினார். சட்டைக்குள்ளிருந்து, ஷொப்பிங் பையில் சுற்றிய ஒரு உறையை எடுத்து மிஸ்ஸிடம் நீட்டினார். கை படாமல் நுனியைப் பிடித்துத்தான் நீட்டினார்.

"தலைமை அலுவலகத்தால கோப்பு நேற்றுப் பின்னேரம்தான் வந்தது. கையெழுத்து வைக்கிறவர் போயிட்டார். காலமை அவற்ற வீட்டுக்குப் போனன். பொங்கிக்கொண்டு நிண்டவர். பானை பொங்கிற நேரம் கேட்டால் மாட்டன் எண்டு சொல்ல மாட்டார்தானே. முத்திரை நான் குத்தினது."

மிஸ் உறையை வாங்கி, பிரிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். "நீங்களே படியுங்கோ ஐயா" என்று பிறகு என்னிடம் தந்தார். நான் சத்தமாகப் படித்தேன். ஆராய்ச்சித் தேவைக்காகத் திருக்கை பிடிக்க அனுமதி வழங்கப்படுகிறது. மீனுக்கு வலை மறுபடி இறங்கும்வரை பொறுக்கலாம், அறைக்குத்தான் இன்று கடைசி நாள். சூசை முதலாளி பூட்டை விட்டுவிட்டு வாசலுக்குப் போய், "தம்பி, வண்டியைத் திருப்புங்கோ, அறை இல்லை" என்றார். மிஸ் அடுக்கிய போத்தலை ஒவ்வொன்றாக மறுபடி வெளியே எடுக்கத் தொடங்கினார். தவராசா வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, அவருக்கு எடுத்துக் கொடுத்தார்.

நான் கடிதத்தை இன்னொருமுறை, தொழில்முறைக் கண்ணால் பார்த்தேன். கந்தோர் பூட்டிய நாளில் திகதியிட்ட அனுமதி செல்லாது. யாராவது கேள்வி கேட்டால் முழுவதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது எனக்குத் தெரியும். முத்திரை குத்திய தவராசாவுக்கும் தெரியும்; அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். நான் கடிதத்தை மடித்து மிஸ்ஸிடம் கொடுத்து, "எல்லாம் சரியா இருக்கு பிள்ளை" என்றேன்.

பதில் கிடைத்த திகதி: தைப்பொங்கல், அரசாங்க விடுமுறை.